சேலத்தில் பைக் லோன் போட்ட கணக்கு

ஐந்து ரோடு பக்கம் எந்த ஷோரூமில் உட்கார்ந்தாலும் ஃபைனான்ஸ்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவது முன்பணமும் மாதத் தவணையும்தான். வட்டி எவ்வளவு என்றால் "பத்து பர்சென்ட்தாங்க" என்பார். ஃப்ளாட் வட்டியா, குறையும் அசலுக்கா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். 80,000 ரூபாய், 24 மாதம், 10% ஃப்ளாட் என்றால் வட்டி 16,000, தவணை 4,000. அசல் மாதாமாதம் கரைந்தாலும் வட்டி முழு 80,000-க்கும் ஓடுகிறது. குறையும் அசல் கணக்கில் இது சுமார் 18%. அதே கடனை வங்கி 12%-க்குத் தந்தால் தவணை ஏறக்குறைய 3,766தான்.

வாய்க்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். முக்கிய விவரத் தாளை (Key Facts Statement) கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி தந்தே ஆக வேண்டும். கட்டணமெல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும்.

அம்மாப்பேட்டைத் தறிக்கூலி, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக் கூலி, ஏற்காட்டு எஸ்டேட் கூலி எதுவானாலும் கையில் ரொக்கமாக வந்தால் சம்பளச் சீட்டு இருக்காது. விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பிருந்தே வாரக்கூலியைக் கணக்கில் போட்டுவந்தால் ஸ்டேட்மென்ட் பேசும். இல்லையென்றால் ஜாமீன் கேட்பார்கள். ஆதாரில் மலைக்கிராம முகவரி, குடியிருப்பது டவுனில் வாடகை வீடு என்றால் ஃபைல் சரிபார்ப்பில்தான் சிக்கும். வாடகை ஒப்பந்தத்தையும் கரண்ட் பில்லையும் தயாராக வைத்து, சரிபார்க்க ஆள் வருவதை வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

தவணைத் தேதியையும் பார்த்துப் போடுங்கள். சம்பளம் 7-ம் தேதி, தவணை 5-ம் தேதி என்றால் கணக்கில் பணமில்லாமல் பவுன்ஸ்தான். வங்கியும் அபராதம் பிடிக்கும், ஃபைனான்ஸும் பிடிக்கும், சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணும் இறங்கும்.

வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்தால் என் ஓட்டு வங்கி நகைக்கடனுக்கே. வட்டி பெரும்பாலும் குறைவு, ஆர்சியில் அடமானப் பதிவும் ஏறாது. ஆனால் கெடு தாண்டிக் கண்டுகொள்ளாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

கடைசித் தவணை கட்டினதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும், விற்கும்போது இடிக்கும். தடையில்லாச் சான்றும், ஃபைனான்ஸ் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35-ம் வாங்கி, பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்டிஓ ஆபீசில் பதிவை நீக்குங்கள். சான்றுக்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் 90 நாள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஃபைனான்ஸ் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.