ரேடியோ சத்தமில்லாமல் போனபோது

இன்ஜினில் கோளாறு என்றால் காக்பிட்டே கத்தும். ரேடியோ தொடர்பு போனால் மணி அடிக்காது, விளக்கு எரியாது. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். இரவு நேரத்தில், 37,000 அடி உயரத்தில், அந்த அமைதி சுகமாகக்கூட இருக்கும். சிக்கலே அதுதான்.

நான் துணை விமானியாக இருந்தபோது ஓர் இரவு கேப்டன் கேட்டார்: "என்னப்பா, ரொம்ப நேரமா சத்தமே இல்லையே?" கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. வால்யூமைச் சரிபார்த்தோம், இன்னொரு ரேடியோவுக்கு மாறினோம். மற்ற விமானிகள் பேசுவது இடையிடையே கேட்டது. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் குரல் மட்டும் இல்லை. அப்போதே பாதி புரிந்துவிட்டது. நாங்கள் பேசப் பயன்படுத்தும் விஎச்எஃப் என்ற ரேடியோ அலை நேர்கோட்டில்தான் போகும். அந்த உயரத்தில்கூட தரை நிலையத்திலிருந்து சுமார் 200 கடல் மைல் தாண்டினால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கருவி பழுதாகவில்லை, நாங்கள்தான் அந்த அலைவரிசையின் எல்லையைத் தாண்டியிருந்தோம். அடுத்த அலைவரிசைக்கு மாறச் சொன்ன நேரத்தில் வேறு யாரோ பேசுவதற்கான பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் கீச்சென்ற இரைச்சல்தான் மிஞ்சும்.

கேப்டனின் கை, ரேடாருக்கு நம் அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி பக்கம் போனது. அதில் 7600 என்று போட்டால், ரேடியோ இல்லை என்பது ரேடார் திரையில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நாம் என்ன செய்வோம் என்பதும் கன்ட்ரோலருக்குத் தெரியும். வானிலை நன்றாக இருந்தால் பக்கத்தில் பொருத்தமான விமான நிலையத்தில் இறங்குவோம். மேகமூட்டம் என்றால், கடைசியாகச் சொன்ன உயரத்தையும் வேகத்தையும் ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம் காப்போம்; அப்புறம் ஏற்கெனவே கொடுத்த பயணத் திட்டப்படி போவோம். அதை வைத்து அவர் மற்ற விமானங்களை விலக்கி வைப்பார். ஒரு வார்த்தை பேசாமலே இரு தரப்பும் ஒத்துழைக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு.

அதற்குத் தேவை வரவில்லை. அவசர அலைவரிசையான 121.5-இல் கூப்பிட்டதும் வேறொரு விமானி, "உங்களைத்தான் தேடுறாங்க" என்று புதிய அலைவரிசையைச் சொன்னார். கன்ட்ரோலர் கோபப்படவில்லை, உயரத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

2017 பிப்ரவரியில் மும்பையிலிருந்து லண்டன் போன ஒரு விமானம் இப்படித் தொடர்பு இழந்தபோது, ஜெர்மனியின் போர் விமானங்கள் பக்கத்திலேயே வந்துவிட்டன. கேப்டன் அதை நினைவுபடுத்திச் சிரித்தார்: "அது ஜன்னலோரம் வந்து நின்னா, பயணிகளுக்கு யார் அறிவிப்பு செய்யறது, நீயா நானா?"