ராணி கலர் வரவே இல்லை

பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டுவது என் வேலை. கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, படிக்க நேரமும் இருக்காது. எத்தனை சொல், எத்தனை படம், விளம்பரம் எந்தப் பக்கம் என்பதோடு சரி. பாயாவும் அப்படித்தான் என் மேசைக்கு வந்தார். ஆறு பக்கம், ஐந்து படம், அல்ஜீரிய ஓவியர்.

முதல் படம் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் ஒரு பறவையின் வால்தானே என்று வெட்டினேன். வெட்டியதும் படம் செத்துப்போயிற்று. உற்றுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: பெண்ணின் உடையில் ஓடிய அதே கோலம்தான் அந்த வாலிலும் தொடர்ந்துகொண்டிருந்தது. அவர் படங்களில் நிழல் கிடையாது, கிட்டம் தூரம் கிடையாது. பெண், பறவை, மீன், ஜாடி எல்லாம் ஒரே தளத்தில், ஒன்றின் பூவேலை இன்னொன்றுக்குள் புகுந்து கிடக்கும். ஓரம் என்று தள்ளிவிட அதில் இடமே இல்லை. வாலைத் திருப்பி ஒட்டிவிட்டு, அன்றைக்குத்தான் கட்டுரையைப் படிக்க உட்கார்ந்தேன்.

1931-இல் அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸ் அருகே பிறந்தவர். இயற்பெயர் ஃபாத்மா ஹத்தாத். சிறு வயதிலேயே பெற்றோர் போய்விட, பாட்டியோடு ஒரு பிரெஞ்சுக்காரரின் பூப்பண்ணையில் வேலை. பண்ணைக்காரியின் சகோதரி மார்கரித் அவரை அல்ஜியர்ஸில் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். காகிதமும் வண்ணமும் அங்கே கிடைக்கின்றன. வீட்டு வேலையும் செய்தார், வளர்ப்புப் பெண்ணாகவும் இருந்தார். 1947 நவம்பரில் பாரிஸில் மாக் காட்சிக்கூடத்தில் கண்காட்சி, அதற்கு சர்ரியலிச இயக்கத்தின் தலைவரான கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் முன்னுரை. அப்போது அவருக்குப் பதினாறுகூட நிறையவில்லை. அடுத்த வருடம் தென் பிரான்சின் மட்பாண்ட ஊரான வல்லோரிஸில் மண்சிற்பங்கள் செய்தபோது பிக்காசோவைச் சந்தித்தார்.

ஆசிரியர் குழுவிலிருந்து வந்த தலைப்பில் ‘வேலைக்காரச் சிறுமி’யும் இருந்தாள், பிக்காசோவும் இருந்தார். பாயாவின் பெயர்தான் இல்லை. இடம் போதாது என்று சொல்லி அந்தத் தலைப்பைச் சுருக்கவைத்தேன். பக்கம் கட்டுபவளுக்கு உள்ள ஒரே ஆயுதம் அதுதான். உண்மையில் தாராளமாக இடம் இருந்தது. சர்ரியலிஸ்ட் (கனவுபோல் வரைபவர்), வெகுளி ஓவியர் (முறையாகப் படிக்காமல் வரைபவர்) என்றெல்லாம் அவருக்குப் பலர் பெயர் வைத்தார்கள். எதையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

1953-இல் அல்ஜியர்ஸுக்குப் பக்கத்து ஊரான பிளிடாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்கிறார், இரண்டாம் மனைவியாக. ஆறு பிள்ளைகள். பத்து வருடம் தூரிகையைத் தொடவில்லை. நாடு விடுதலையான மறுவருடம், 1963-இல், அல்ஜியர்ஸ் அருங்காட்சியகம் அவருடைய பழைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அதன் பிறகு 1998-இல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில் பிளிடாவைச் சுற்றி ரத்தம் ஓடியபோதும் ஊரைவிட்டுப் போகவில்லை. கட்டுரையில் அந்தப் பத்து வருடம் ஒரே வரி. 1947 படத்தையும் பிற்காலப் படம் ஒன்றையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தேன். பின்னதில் வீணை போலவும் வயலின் போலவும் நரம்புக் கருவிகள். கணவர் வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் வேறெங்கே போயிருக்கும்?

அச்சகத்தில் இன்னொரு கூத்து. அவருடைய பிங்க் திரையில் கூசுகிறது, தாளில் செங்கல் பொடி மாதிரி வருகிறது.

“மேடம், இது ராணி கலரு. நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு இங்க்ல வராது. ஸ்பெஷல் இங்க் போட்டா வரும். காசு யாரு குடுப்பா?” என்றார் மெஷின்மேன்.

“கொஞ்சம் பாருங்கண்ணே.”

முனகிக்கொண்டே போனவர், கல்யாணப் பத்திரிகை வேலையில் மிச்சமான ஃப்ளோரசன்ட் பிங்க் டப்பாவோடு வந்தார். மெஜந்தாவில் கொஞ்சம் கலந்து ஓட்டினார். அம்மாடி! உடை, பறவை, மீன் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. அதே ஃபாரத்தில், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களில், ஒரு நகைக்கடை விளம்பரமும் இருந்தது. அந்த மாடலின் முகம் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் சிவந்துவிட்டது. விளம்பரக்காரர் காசு தர மாட்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல் உருளையைக் கழுவினார்.

இதழ் செங்கல் பொடியோடுதான் வந்தது. கழுவுவதற்கு முன் ஓட்டிய தாள்களில் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தேன். என் மேசைக்கு மேல் இருக்கிறது, சிவந்த மாடலும் முழு வாலோடு பறவையுமாக.