மடிப்பு மாற்றுகிற நாள்

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நான்கு வருடம் சேல்ஸில் இருந்தேன். பட்டுப் புடவையை ரொம்ப நாள் ஒரே மடிப்பில் வைக்கக் கூடாது, மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை நைந்துவிடும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து மடிப்பை மாற்றி அடுக்குவோம். எனக்குப் பிடித்த வேலை அது. ஆனால் காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை சாத்தும்வரை, சாப்பாட்டு நேரம் தவிர, நாங்கள் முட்டியை மடக்க முடியாது. பாத்ரூம் போனால் நேரம் பார்ப்பார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்போம்.

ஒரு தீபாவளி சீசன் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும், நாலு மணியானால் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குத் தோளில் புடவையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், கவுண்டர் முனையில் நெற்றி இடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரத்தம் பட்டுவிடப் போகிறதே என்று அவர் தோளிலிருந்து புடவையை உருவினேன். முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் புடவை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டது வாங்க வந்த ஒரு அம்மா. ஓடி வந்த சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, "கறை பட்டுச்சா?" அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதைத்தானே என் கை ஏற்கெனவே செய்திருந்தது. நான் கெட்டவள் இல்லை, அந்த அக்காவோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். அந்த இடம் நான்கு வருடத்தில் என் கையை அப்படிப் பழக்கிவிட்டது, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018-இல் கேரளாவில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021-இல் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். ஒரு ஸ்டூலுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

போன மாதம் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோம். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் கட்டைப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "உட்காரும்மா, நாங்க உட்கார்ந்துதானே பார்க்கிறோம்" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள், ஒருமுறை மேலே கேமராவைப் பார்த்தாள், அப்புறம் அடுத்த புடவையைப் பிரித்தாள். பார்த்து முடித்ததையெல்லாம் அவளோடு சேர்ந்து நானும் மடித்துக் கொடுத்தேன்.