ஏலத்தோட்ட ஓரத்து நீள்கொம்பு அந்துப்பூச்சிகள்

குமுளிக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் இடையிலுள்ள ஏலத்தோட்டங்களில், கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், நிழல் மரங்களின் கிளைகளுக்கு நடுவே வெயில் இறங்கும் இடங்களில் சில சிறு பூச்சிகள் ஓரிடத்திலேயே மேலும் கீழுமாகப் பறந்துகொண்டிருக்கும். கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வரும் ஓர் அக்கா அவற்றைச் சுட்டிக்காட்டி, “தம்பி, இந்தக் கொசுத் தலையில நூலைக் கட்டிவிட்டது யாரு?” என்று கேட்டார். அவர் நூல் என்று சொன்னது அதன் உணர்கொம்பு. கொசு என்று நினைத்தது அடெலிடே குடும்பத்தைச் சேர்ந்த நீள்கொம்பு அந்துப்பூச்சி.

அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை இரவில் நடமாட, இவற்றுள் பல இனங்கள் பட்டப்பகலில் பறக்கின்றன. பெண்ணைக் கவர்வதற்காக ஆண்கள் கூட்டமாகக் கூடி வெயிலில் ஆடுகின்றன. அந்த ஆணின் உணர்கொம்பு முன்சிறகைப்போல மூன்று மடங்கு நீளம்வரை வளரும். பெண்ணுடையது அதைவிடக் குறுகியது. பல இனங்களில் ஆணின் கண்களும் பெண்ணின் கண்களைவிடப் பெரியவை. இலைமேல் வந்து அமர்ந்த ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, முன்சிறகு செம்பு நிறத்தில் மின்னியது. அதன் குறுக்கே மங்கலான மஞ்சள் பட்டை ஒன்று ஓடியது. இரண்டு கொம்புகளும் அடியில் கருமையாகத் தொடங்கி நுனியை நோக்கி வெளுத்து, காற்றின் சிறு அசைவுக்கும் துவண்டன. பூச்சியின் உடலோ ஒரு நெல்மணி அளவுகூட இல்லை.

உலகெங்கும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் அறியப்பட்டுள்ளன. நெமோஃபோரா, அடேலா ஆகிய பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதிகள்) உலோகப் பளபளப்புக்குப் பெயர்பெற்றவை. இந்தியாவில் காணப்படுவனவற்றுள் நெமோஃபோரா முக்கியமானது. நெமட்டோபோகன் வெளிறிய நிறமுடையது. காக்காஸ் பேரினத்துப் பூச்சிகள் மிகச் சிறியவை, கொம்பும் குட்டையானது. செரோமிட்டியா தென்கோளத்து நிலங்களில் மிகுதி. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் இக்குடும்பத்து ஐரோப்பிய இனங்கள் மூன்றுக்கு ரேமூர், டி கீர், ஸ்வாமர்டாம் என்னும் பூச்சியியல் முன்னோடிகளின் பெயர்களைச் சூட்டினார். பூச்சிகளைப் பொறுமையாக உற்றுநோக்கிய அந்த மூவருக்கும் இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் இவற்றின் பன்மையைச் சிறகின் நிறத்தை மட்டும் வைத்து அளந்தால் பாதிக்கதைதான் தெரியும். மீதிக்கதை பெண்ணிடமும் புழுவிடமும் இருக்கிறது. பெண்ணின் வயிற்று நுனியில் செடியின் திசுவைத் துளைக்கும் கூரிய உறுப்பு ஒன்று உண்டு. பல இனங்கள் அதனால் பூவின் சூலகத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடுகின்றன. எந்தப் பூ என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. ஐரோப்பாவில் காக்காஸ் ஃபிபுலெல்லா வெரோனிகா செடியையும், காக்காஸ் ரூஃபிமிட்ரெல்லா கடுகுக் குடும்பத்துச் செடிகளையும் நாடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் வளரும் விதையைத் தின்னும். சற்றுப் பெரியதானதும் தரையில் விழுந்து, சருகுத் துண்டுகளை வெட்டிப் பட்டிழையால் ஒட்டித் தட்டையான கூடு செய்து, அதைச் சுமந்தபடியே உதிர்ந்த இலைகளையும் தரையோரத்துப் பசுமையையும் தின்று வளர்ந்து, அக்கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாக மாறும். நெமட்டோபோகன் ஸ்வாமர்டமெல்லாவின் புழு இப்படி இரண்டு குளிர்காலங்களைக் கழிக்கிறது. வெயிலில் நாம் காணும் ஆட்டம் அந்த நீண்ட வாழ்வின் மிகச் சிறிய பகுதியே.

ஆகவே இப்பூச்சிக்குப் பூக்கும் செடியும் வேண்டும், கலைக்கப்படாத சருகும் வேண்டும். ஏலத்தோட்டத்தில் மூடாக்காகக் கிடக்கும் சருகு வேருக்கு ஈரம் காப்பதற்காக விடப்படுவது. அதே சருகுதான் இப்புழுக்களின் உணவும் வீடும். ஓரத்துச் செடிகளைக் களை என்று ஒன்றுவிடாமல் செதுக்கி, பூக்கும் பருவத்தில் மருந்தும் அடிக்கும் தோட்டத்தில் சருகு எவ்வளவு கிடந்தாலும், முட்டையிட வரும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. மருந்தடிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏலத்தில் தண்டு துளைப்பானும் இலைப்பேனும் செய்யும் சேதத்தை நன்கு அறிவேன். தோட்ட எல்லையிலும் ஓடைக்கரையிலும் ஒரு பட்டை நிலத்தையாவது அப்படியே விட்டுவைக்கலாம்; அதனால் விளைச்சல் குறையாது.

பரிணாம வழியில் இவை பழங்கிளை ஒன்றைச் சேர்ந்தவை. பெரும்பாலான பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளில் கலவிக்கும் முட்டையிடவும் தனித்தனித் திறப்புகள் இருக்க, இவற்றில் இரண்டுக்கும் ஒரே திறப்புதான். பால்டிக் பகுதியின் அம்பருக்குள், அதாவது கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசினுக்குள், உறைந்த இக்குடும்பத்துப் பூச்சிகளும் கிடைத்துள்ளன.

இந்தியாவின் சிறு அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு முதன்முதலில் அறிவியல் பெயரிட்ட எட்வர்டு மெய்ரிக் (1854–1938), இங்கிலாந்தில் இருந்தபடி, இங்கிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டே அவற்றை விவரித்தார். ஊசியில் குத்திய மாதிரி சிறகைக் காட்டும். பூச்சி எந்தப் பூவில் முட்டையிட்டது என்பதைச் செடியருகில் நிற்பவர்தான் சொல்ல முடியும். இடுக்கியிலோ தேனியிலோ பூவின்மேல் அமர்ந்து வயிற்றை வளைத்து உள்ளே செலுத்தும் பெண் அந்துப்பூச்சியைக் காண்பவர்கள், பூச்சியோடு நிறுத்திவிடாமல் அந்தச் செடியின் இலை, பூ, காய் மூன்றையும் படமெடுத்து, நாளையும் இடத்தையும் குறித்துவைக்க வேண்டுகிறேன்.