குதிக்க முடியாத சென்டர்

வேலையில் சேர்ந்த அன்று மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "உயரம் எவ்வளவு தம்பி?" விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தராக வந்தவன் நான். பகலில் பேரேடு, மாலையில் கூடைப்பந்து. ஆறடி நான்கு அங்குலக்காரனை எந்தப் பயிற்சியாளரும் சென்டராக ரிங்கின் அடியில்தான் நிறுத்துவார். இடிபடுவதும், மூட்டு தேய்வதும் முதலில் சென்டருக்குத்தான். எனக்கு இருபத்தொன்பது வயதிலேயே தேய்ந்துவிட்டது. பிறகு பேரேடு மட்டும்தான்.

அந்தக் கசப்பான நாள்களில்தான் அர்விதாஸ் சபோனிஸின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த லிதுவேனியாவின் கௌனாஸ் நகரத்துக்காரர், ஏழடி மூன்று அங்குலம். 1985 முதல் 1987 வரை, மாஸ்கோவின் ராணுவ அணியைப் பின்னுக்குத் தள்ளி, ஊர் அணியான ஜல்கிரிஸ் தொடர்ந்து மூன்று முறை சோவியத் சாம்பியன் ஆனது. அந்தச் சபோனிஸ் மான்போல ஓடுவார். 1986இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. சோவியத் அரசு அனுப்பவில்லை. அதற்குள் குதிகால் தசைநார் அறுந்தது. சரியாக ஆறுவதற்குள் மறுபடியும் அறுந்தது.

1988இல் போர்ட்லாண்ட் அணியே அவரை வரவழைத்துத் தன் மருத்துவர்களிடம் காட்டியது. இன்னும் வேலையில் சேராத ஆளுக்கு இப்படியொரு கவனிப்பு! எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தவனுக்கே மருத்துவச் செலவுச் சீட்டு மூன்று மேசை தாண்ட வேண்டும். அமெரிக்கர்கள் தேற்றி அனுப்பிய அந்தக் காலோடுதான் அவர் சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை எதிர்த்து ஆடினார். சோவியத் அணி வென்றது, தங்கமும் கிடைத்தது.

1989இல் ஸ்பெயினின் வல்லாதோலித், 1992இல் ரியல் மாட்ரிட், 1995இல் ஐரோப்பியக் கோப்பை. முப்பது வயதில்தான் போர்ட்லாண்டுக்குப் போனார். எக்ஸ்ரேயைப் பார்த்த அணி மருத்துவர், இதைக் காட்டியே மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அனுமதி வாங்கிவிடலாம் என்றாராம். அந்தக் காலோடு முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 நிமிடங்கள் ஆடி, 14.5 புள்ளிகள் எடுத்தார்.

எனக்குப் புள்ளிகளைவிட அவர் பாஸ் கொடுக்கும் விதம்தான் முக்கியம். ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்பார். பந்தை ஒற்றைக் கையில், தேங்காயைத் தூக்கிப் பிடிப்பதுபோலத் தலைக்கு மேலே பிடித்திருப்பார். பின்னால் அவர் அணிக்காரன் ஒருவன் ரிங்கை நோக்கிப் பாய்ந்து ஓடுவான். சபோனிஸ் திரும்பிப் பார்க்க மாட்டார். மணிக்கட்டு மட்டும் அசையும். பந்து ஒருமுறை தரையில் பட்டு, ஓடுபவனின் கைக்குள் போய்விடும். தடுக்க வந்தவன் இன்னும் சபோனிஸின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனைக்கும் அவர் கால் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. இளமையிலும் அவருக்கு இந்தக் கை இருந்தது. பாய்ச்சலைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் கையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் 2003இல் ஜல்கிரிஸுக்கே திரும்பினார். முப்பத்தொன்பது வயதில், ஐரோப்பிய கிளப் அணிகள் மோதும் யூரோலீக் போட்டியில், அந்தப் பருவத்தின் முதல் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் அவரே சிறந்த ஆட்டக்காரர். எதிரணிச் சென்டர்களில் சிலர், அவர் முதல் கோப்பையை வாங்கும்போது தொட்டிலில் கிடந்திருப்பார்கள்.

போன மாதம் மூத்தோர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மூட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு போனேன். ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் மணிக்கட்டை அசைத்தேன். பந்து நேராக நடுவரின் வயிற்றில் போய் விழுந்தது.