எட்டாம் நாளா, எட்டு நாள் கழிச்சா?

போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிறுதோறும் கூடும். அதையே "எட்டு நாளைக்கு ஒரு சந்தை" என்றும் சொல்வோம். ஏழுதானே என்று சண்டைக்கு வர வேண்டாம். இந்த ஞாயிறையும் எண்ணி, வருகிற ஞாயிறையும் எண்ணினால் எட்டு. நம் பேச்சில் நாள் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான்: தொடங்கின நாளே ஒன்று.

"எட்டாம் நாள்" என்றால் தேதியோடு ஏழைக் கூட்டுங்கள். "எட்டு நாள் கழிச்சு" என்றால் எட்டைக் கூட்டுங்கள். பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் தேதியாகவே சொல்லிவிடுவது உத்தமம். 3ஆம் தேதி இறந்தவருக்குப் பதினாறாம் நாள் 18ஆம் தேதி, 19 அல்ல. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கணக்கில் நாள் என்பது விடியலில் தொடங்கி மறு விடியல் வரை. திங்கள் இரவு தாண்டி விடிகாலை 3 மணிக்கு உயிர் போனால், மருத்துவச் சான்றில் செவ்வாய் என்றிருக்கும், வீட்டுப் பெரியவர்கள் திங்கள் என்றே எண்ணுவார்கள். பத்திரிகை அடிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டலமும் அப்படியே. 48 நாள் மருந்தை செப்டம்பர் 1 அன்று தொடங்கினால் அக்டோபர் 18 கடைசி நாள். ஆனால் சபரிமலை மண்டலம் 41 நாள். ஆகவே வைத்தியர் "ஒரு மண்டலம்" என்றால் எத்தனை நாள் என்று வாய்விட்டுக் கேட்பதில் வெட்கமில்லை.

ராகியில் இந்தக் குழப்பம் காசாகவே போகும். 110 நாள் ரகம் என்றால் விதை போட்ட நாளிலிருந்து 110. நாற்று 18, 20 நாளில் பிடுங்கி நடுகிறோம், அதனால் நட்டதிலிருந்து ஏறக்குறைய 90 நாள்தான். நட்ட நாளை ஒன்றாக வைத்து 110 எண்ணுகிறவர் வயலில் கதிர் முற்றிக் காய்ந்து மணி உதிரும், மழை பிடித்தால் கதிரிலேயே முளைக்கும். நாள் சரியாக எண்ணினாலும் எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றாது. பாதிக் கதிர் பழுப்பானதும் ஒரு அறுப்பு, ஒரு வாரம் விட்டு மறு அறுப்பு.

பஞ்சாங்கத்து நாழிகைக்கு வருவோம். ஒரு நாழிகை 24 நிமிடம், 60 நாழிகை ஒரு நாள். திதி 18.30 வரை என்று போட்டிருந்தால் அது சாயங்காலம் ஆறரை மணி அல்ல, 18 நாழிகை 30 விநாடி. 60 விநாடி ஒரு நாழிகை என்பதால் 30 விநாடி அரை நாழிகை. பதினெட்டரையை 24ஆல் பெருக்கினால் 444 நிமிடம், அதாவது 7 மணி 24 நிமிடம். இதை நள்ளிரவிலிருந்து எண்ணக் கூடாது, அன்றைய சூரிய உதயத்தோடு கூட்ட வேண்டும். உதயம் 6.04 என்றால் திதி பகல் 1.28க்கு முடிகிறது. பள்ளிக்கூடத்து விநாடியை இங்கே கொண்டுவந்தாலும் கணக்குக் கெடும். பஞ்சாங்க விநாடி ஒன்று 24 நொடி.

வயதுக்கு வந்தால் "நாப்பது நடக்குது" வேறு, "நாப்பது முடிஞ்சுது" வேறு. முதலாமவருக்கு முடிந்தது 39தான். ஜாதகக் குறிப்பில் பாதிப் பிழை இந்த ஒரு வினைச்சொல்லில் வருகிறது. தருமபுரி வட்டாரத்து நடுகற்களிலும் மன்னன் பெயருக்குப் பிறகு யாண்டு இத்தனை "ஆவது" என்றுதான் வெட்டியிருப்பார்கள். பத்தாவது யாண்டு என்றால் பத்து நடக்கிறது, ஒன்பது முடிந்திருக்கிறது. அறுபதாம் கல்யாணம் மட்டும் நிறைவைப் பார்ப்பது: 60 முடிந்து 61 தொடங்கும்போது, பிறந்த வருஷத்தின் பெயரே திரும்ப வரும். 1964 சித்திரையில் பிறந்த குரோதி 2024 சித்திரையில் வந்தது. பழைய பத்திரத்தில் குரோதி என்று மட்டும் இருந்தால் எந்தக் குரோதி என்று வேறு சாட்சி தேட வேண்டும்.

"செத்த இரு, வந்துடறேன்" என்பதற்கு மட்டும் எந்த வாய்ப்பாடும் இல்லை.