அப்பாவின் பத்திரங்களும் ஒரு பச்சை டிக்கும்

“தாய்ப்பத்திரம் ஃபோல்டர்ல இல்லையேடா” என்றார் அண்ணன். இருந்தது. என் லேப்டாப்பில் பச்சை டிக்கோடு கண்ணெதிரே இருந்தது. “எனக்கும் எல்லாத்துலயும் பச்சை டிக்தான் இருக்கு, ஆனா நீ சொல்ற ஃபைல் இல்ல” என்று அவர் சொன்னபோது மணி இரவு பத்து. மறுநாள் வக்கீலுக்கு அனுப்ப வேண்டும்.

அப்பா போன பிறகு பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உடன்பிறப்புகள் நால்வரும் பார்க்கும்படி கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், ஒரே ஃபோல்டராகப் போட்டிருந்தோம். அதன் ஆப் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைக்கும், பிரதி சரியாக இருந்தால் பச்சை டிக் போடும். 214 ஃபைல்கள். பகிர்ந்துகொள்ள ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. அக்காவுக்கு மட்டும் இரண்டு நாள், ஏனென்றால் அழைப்பு அவள் பள்ளிக்கூட மின்னஞ்சலுக்குப் போக, அவள் சொந்த மின்னஞ்சலில் நுழைந்து “அனுமதி இல்லைன்னு வருது” என்று திட்டிக்கொண்டிருந்தாள். யாருக்காவது ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், முதலில் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனை கம்ப்யூட்டர் கடையில் லேப்டாப்பைக் கொடுத்தேன். “ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டா சரியாயிடும் சார்.” 400 ரூபாய். ராத்திரி முழுக்க அத்தனையும் மறுபடி இறங்கியது. காலையில் பார்த்தால் அதே நிலைமை. வக்கீலுக்குத் தாய்ப்பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அன்றைக்கு ஒப்பேற்றினேன்.

அப்புறம்தான் ஆப்பை விட்டுவிட்டு பிரவுசரில் திறந்து பார்க்கத் தோன்றியது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: கம்ப்யூட்டரில் தெரிவது உங்கள் பிரதி, பிரவுசரில் தெரிவதுதான் உண்மையில் மேலே, கிளவுடில் இருப்பது. அங்கே ‘சொத்து’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள்! ஒரே பெயர், ஒரே இடம். ஒன்றில் நான் போட்டவை, மற்றதில் அண்ணன் போட்டவை.

ஒரே பெயரில் எப்படி இரண்டு? இரண்டு பெயரையும் நோட்பேடில் ஒட்டி, கடைசியிலிருந்து ஐந்து முறை பேக்ஸ்பேஸ் தட்டினேன். ஒன்றில் ‘ச’ மிஞ்சியது. மற்றதில் ‘செ’ மிஞ்சியது. எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அண்ணனுடைய பழைய கம்ப்யூட்டர் வேறு வகை. அது பெயரைப் பிரித்து எழுதியது, என்னுடையது சேர்த்து எழுதியது. மேலே இருந்த சேவை இரண்டும் வேறு என்று எடுத்துக்கொண்டது. அண்ணன் கம்ப்யூட்டரோ இரண்டும் ஒன்றே என்று நினைத்து, தன்னுடையதை மட்டும் காட்டியது. அவருடைய டிக்கும் பொய் இல்லை, என்னுடையதும் பொய் இல்லை. பிரவுசரிலேயே ஒன்றுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றி, எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்தினேன். பத்து நிமிட வேலை.

தமிழில் பெயர் வைப்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அக்கா ஒரு ஃபைலுக்கு வைத்த பெயர், அப்பா யாரிடம் எந்த வருடம் எவ்வளவுக்கு வாங்கினார் என்ற முழு வரலாறு. லேப்டாப்பில் திறந்தது, போனில் இறங்க மறுத்தது. ஆண்ட்ராய்டில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் (கம்ப்யூட்டரின் சேமிப்பு அலகு) வரைதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனிக் கணக்கு. ‘சொத்து’ என்ற மூன்றெழுத்துக்கே 18 பைட் போய்விடும். 85 குறிகளோடு கதை முடிந்தது. விண்டோஸில் அளவு வேறு மாதிரி என்பதால் அங்கே தெரியவே தெரியாது. பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போட்டால் விண்டோஸ் ஏற்காது.

எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தபோது தம்பி வேலையைக் காட்டினான். அவன் லேப்டாப்பில் இடம் இல்லையாம். “என் லேப்டாப்ல இருக்கறதத்தானே டெலீட் பண்ணேன்?” இல்லை தம்பி. சிங்க் ஆகும், அதாவது கிளவுடோடு தானாக ஒத்துப்போகும் ஃபோல்டரில் நீ அழித்தால் எல்லோருக்கும்தான் அழியும். நிறைய ஃபைல்கள் நீக்கப்பட்டதாக எனக்கு மெயிலும் வந்திருந்தது, விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருந்தேன். பத்தொன்பது நாள் கழித்து அக்கா வரி ரசீதைத் தேடியபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, ஃபோல்டர் என் கணக்கில் இருந்ததால் அதன் குப்பைத்தொட்டியில் அத்தனையும் கிடந்தன. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் சாதாரணக் கணக்கில் குப்பைத்தொட்டிக்கு ஆயுள் 30 நாள். இன்னும் பதினொரு நாள் போயிருந்தால் என் கதியை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. இடம் வேண்டுமென்றால் அழிக்காதீர்கள். ஃபைல் மேலேயே இருந்து, கம்ப்யூட்டரில் பெயர் மட்டும் தெரியும்படி விடும் வசதி வலது கிளிக்கிலேயே இருக்கிறது. பச்சை டிக் போய் மேகப் படம் வரும், அவ்வளவுதான்.

இப்போது மாதம் ஒருமுறை முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் பிரதி எடுத்து பீரோவில் வைக்கிறேன். தம்பிக்குப் பார்க்கும் உரிமை மட்டும்தான். “என்னை நம்பலையா?” என்று இரண்டு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அக்கா நேற்று ஒரு ரசீது போட்டாள். பெயர் இன்னும் நீளம்தான், ஆனால் போனில் திறந்தது.